வயலும் வட்டியும்: திருகோணமலைக் கமக்காரன் பெற்ற அரசுக் கடனின் கதை

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செய்து தீர்க்க வேண்டிய கடமை ஒன்று. வாங்கித் தீர்க்க வேண்டிய பணம் மற்றொன்று. பத்தாம் வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது, தம்பலகாமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அரசாங்கம் கமக்காரனுக்குத் தருகிறதே, அது எந்தக் கடன்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் வேடிக்கைக்குக் கேட்டானா, வீட்டில் நடந்த பேச்சை நினைத்துக் கேட்டானா என்று நாம் அறியோம். ஆனால் அன்று அவனுக்கு நேரான விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அந்த விடையைத் தேடிச் சில பழைய அறிக்கைகளையும் சட்டங்களையும் புரட்ட நேர்ந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

திருகோணமலை என்றால் உலகம் துறைமுகத்தை நினைக்கிறது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக வந்து கொள்ளையிட்டது இத்துறைமுகத்தை வைத்துத்தான். ஆங்கிலக் கடற்படை இங்கே பாறையைக் குடைந்தது. சீனன்குடாக் காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் குதங்களை நிறுத்தியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதற்காகவே. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையரசின் கைக்கு வந்தது. ஆயினும் கொட்டியாரக் குடாவைச் சுற்றி உட்புறமாக நடந்து பார்ப்பவர்க்கு இன்னொரு திருகோணமலை புலப்படும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல், சேருவில, கந்தளாய் என்று வயலை நம்பி வாழும் நாடு அது. மகாவலி கங்கை கடலோடு கலப்பது இந்நாட்டில்தான். துறைமுகத்தின் வரலாற்றை எழுத அறிஞர் பலர் உளர். வயலின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் சிலரே. அதிலும் அந்த வயலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, வழியில் எவ்வளவு கசிந்தது என்று கேட்டவர் மிகச் சிலர்.

பணம் வருமுன் நெல்லே கடனாக நடமாடியது. இதற்கு நமக்கு வாய்த்த சான்று ஒரு கைதியின் வாக்குமூலம். ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் 1660இல் நமது கொட்டியாரத்தில் இறங்கியபோது கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டான். ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி நாட்டில் சிறையிருந்து தப்பியபின் 1681இல் நூலொன்று வெளியிட்டான். சிறையிருந்த காலத்தில் தொப்பி பின்னிப் பிழைத்த அவன், அத்தொழில் நசிந்ததும் செய்தது என்ன தெரியுமா? நெல்லை வட்டிக்குக் கொடுத்தான்! ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி என்று அவனே எழுதிவைத்திருக்கிறான். ஒரு மூடை கொடுத்தால் அறுவடையில் ஒன்றரை மூடை. அந்நாட்டு வழக்கமே அது. அவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கையில் காசின்றிக் கைதியாக வந்த ஒருவன் சில ஆண்டுகளில் ஊரார்க்குக் கடன் கொடுப்பவனாக உயர முடிந்தது என்றால், விதைநெல் இல்லாதவன் நிலை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். களவெட்டியில் நெல்லைப் 'பொலி' என்று மங்கலமாக அழைப்பது கீழ்மாகாணத்து வழக்கம். அப்பொலியில் ஒரு பங்கு களத்தை விட்டுப் போகுமுன்பே பிறனுக்கு உரியதாகிவிடும் வழக்கமும் அதே அளவு பழையது.

கந்தளாய்க் குளத்தைச் சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னன் பெயரோடு சேர்க்கிறது. நம்மூர்க் கோணேசர் கல்வெட்டோ குளக்கோட்டனுக்கு அதனை உரியதாக்குகிறது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மேடைகளில் சண்டையிடுவோர் சண்டையிடட்டும். எந்த மன்னன் பெயரால் எழுந்தாலும் மண் சுமந்த தலைகள் பெயரற்றவை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய ஆட்சியில் குளத்தைப் பேணுவது ஊரார்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. 1832இல் ஆங்கிலேயர் இராசகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆனால் குளக்கட்டைத் திருத்த அதன் இடத்தில் வேறெந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. கட்டுகள் உடைந்தன, வயல்கள் காடாயின. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் 1856இல்தான் முதல் நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. அதே காலத்தில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டக்காரர்க்கு வீதிகள் போடப்பட்டன. 1867இல் கண்டிவரை புகையிரதமும் ஓடியது. தோட்டத்துக்கு வீதி அரசின் செலவு. வயலுக்குத் தண்ணீரோ கமக்காரனின் கடன்!

இது மிகைக் கூற்றன்று. அதே 1867ஆம் ஆண்டில் வந்த நீர்ப்பாசனச் சட்டத்தின்படி, அரசு குளத்தைத் திருத்திக் கொடுக்கும். செலவை வயலுடையோர் பத்து ஆண்டுத் தவணையில் வட்டியின்றித் திருப்பிச் செலுத்த வேண்டும். கமக்காரனுக்கு அரசு கொடுத்த முதற்கடன் என்று இதனைச் சொல்லலாம். அது பணமாக வரவில்லை, நீராக வந்தது. வட்டி இல்லை என்பது பெருந்தன்மையே. ஆனால் வயலுடையோர்க்கு மட்டுமே இக்கொடை. வாரத்துக்கு உழுபவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இந்தக் குறை பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் உருமாறி உருமாறி நிலைத்திருந்ததை இனிக் காண்போம்.

1870களில் கந்தளாய்க் குளம் திருத்தப்பட்டது. தம்பலகாமத்து வயல்கள் மீண்டும் நீர் கண்டன. ஆயினும் கந்தளாய்ச் சுற்றுப்புறம் மலேரியாவுக்கு அஞ்சி நெடுங்காலம் காடாகவே கிடந்தது. ஒரு கையால் நீர் கொடுத்த அரசு, மறுகையால் தானிய வரி வாங்கிற்று. வரி கட்டத் தவறியவரின் வயல் ஏலத்தில் விற்கப்பட்டது. 1880களில் வலப்பனை போன்ற மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான துண்டுக் காணிகள் இவ்வாறு போயின, ஊர்களே கலைந்தன. நெடிய கிளர்ச்சிக்குப்பின் 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. சிங்களக் கமக்காரனின் கண்ணீரால் தமிழ்க் கமக்காரனும் முஸ்லிம் கமக்காரனும் பெற்ற விடுதலை அது. நம் பாடநூல்கள் இதனை ஒரு வரியோடு முடித்துவிடுகின்றன.

இனிக் கூட்டுறவின் கதை. செருமனியில் இரைபைசன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வறிய குடியானவரைச் சேர்த்துக் கடன் சங்கங்கள் அமைத்தார். ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு; அயலான் அயலானை அறிவான்; ஆகவே வட்டி குறையும் என்பது அவர் கண்ட வழி. சென்னை அரசு நிக்கல்சன் என்ற அதிகாரியை இது பற்றி ஆராய அனுப்பியது. அவர் 1890களில் தந்த பேரறிக்கை, இங்கும் ஓர் இரைபைசனைத் தேடுக என்ற கருத்தோடு முடிந்தது. 1904இல் இந்தியாவில் சட்டமாயிற்று. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் அதன் வழிவந்தது.

யாழ்ப்பாணத்தில் இவ்விதை நன்றாக முளைத்தது. அங்கே சம்பளக்காரர் இருந்தனர். புகையிலை, வெங்காயம், மிளகாய் எனப் பலவாறாகப் பணம் வந்தது. ஒருவனிடம் இருக்கும் மாதத்தில் மற்றொருவனிடம் இராது. ஆதலால் சங்கத்தின் பெட்டி ஒருபோதும் வெறுமையாகாது. நம் மாவட்டத்து நெற்கமத்திலோ நிலைமை வேறு. மாரியில் எல்லோரும் ஒரே கிழமையில் விதைக்கிறார்கள். எல்லோர்க்கும் ஒரே நாளில் பணம் வேண்டும். மாசி பங்குனியில் எல்லோரும் ஒன்றாக அறுக்கிறார்கள். அன்று எவர்க்கும் கடன் வேண்டாம். மழை பொய்த்தாலும், வெருகலில் வெள்ளம் பெருகினாலும், எல்லோரும் ஒன்றாகவே விழுகிறார்கள். அயலான் அயலானைத் தாங்க வேண்டிய நாளில் இருவரும் நீரில் நிற்கிறார்கள். வெளியிலிருந்து பணம் வந்தாலன்றி இத்தகைய ஊரில் நாணயச் சங்கம் தானே நிற்காது. இதனை உணராது, கிழக்கு மாகாணத்தானுக்குச் சிக்கனம் தெரியாது என்று பேசிய அதிகாரிகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் ஓய்வறைகளிலும் இப்பேச்சு உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளிப்பணம் யாருக்கு முதலில் வந்தது? 1931இல் அரசு ஈட்டு வங்கி ஏற்பட்டது. காணி ஈடு வைக்கக்கூடிய பெருநிலக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் அது பயன்பட்டது. 1934இல் பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அதுவும் வணிகருக்கே முதலில் கதவு திறந்தது. 1943இல் விவசாய, கைத்தொழிற் கடன் கூட்டுத்தாபனம் வந்தது. பெயரில் விவசாயம் இருந்தது. ஆனால் ஈடு கேட்டது. ஈடு இல்லாதவன் வெளியே நின்றான். 1941இல் கடன் இணக்கச் சட்டம் வந்து, நிபந்தனைக் கிரயத்தில் காணி இழந்தோர்க்குச் சிறிது ஆறுதல் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈடு என்னும் இச்சிக்கலை அரசே ஒரு கையால் முறுக்கியும் வைத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய நிலத்தை அனுமதிப் பத்திரத்தின்பேரில் குடியானவருக்கு வழங்கியது. அந்நிலத்தை விற்கலாகாது; துண்டாடலாகாது; தனியாரிடம் ஈடு வைக்கலாகாது. வட்டிக்காரன் கையில் நிலம் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணமே இதன் அடிப்படை. விளைவு என்ன? ஈடு வைக்க முடியாதவனுக்கு வங்கி கடன் கொடாது. கடன் வேண்டியவன் கள்ளமாகக் குத்தகைக்குக் கொடுத்தான். பத்திரம் அவன் பெயரில் பெட்டிக்குள் இருக்கும். வயல் கடைக்காரன் கையில் இருக்கும். அவன் தன் சொந்த வயலிலேயே நாட்கூலிக்கு இறங்குவான். பூட்டை அரசு பூட்டியது. சாவியை வேறொருவன் வைத்திருந்தான்.

போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்தில்தான் அரசு நெற்கமக்காரனை நினைத்தது. உள்நாட்டு நெல்லைக் கொள்வனவு செய்யும் திட்டம் அப்போது தொடங்கிப் பின் உத்தரவாத விலைத் திட்டமாக வளர்ந்தது. 1950களில் புசல் ஒன்றுக்குப் 12 ரூபா என்ற விலை நிலைபெற்றது. 1947 முதல் கூட்டுறவு விவசாய உற்பத்தி விற்பனைச் சங்கங்கள் வழியாக அரசு பயிர்க்கடனும் கொடுக்கலாயிற்று. ஏற்பாடு கேட்பதற்கு அழகானது: சங்கத்தில் கடன் வாங்கு, சங்கத்திலேயே நெல்லை விற்கு, விலையிலிருந்து கடன் கழிக்கப்படும். ஈடு வேண்டாம், விளைச்சலே ஈடு.

அழகான ஏற்பாடு ஏன் தளர்ந்தது? விதைப்புக்கு வேண்டிய பணம் விதைத்து முடிந்தபின் வந்தது. படிவங்களும் கையொப்பங்களும் கந்தோர்களில் சுற்றிவர மழை காத்திருக்குமா? உழவுக்கும் விதைக்கும் மட்டும் கடன் உண்டு. நோய்க்கும் பிள்ளையின் கொப்பிக்கும் ஆடி ஆவணிப் பசிக்கும் இல்லை. அவற்றுக்குக் கடைக்காரனே கதி. கடைக்காரனுக்குக் கடன்பட்டவன் நெல்லைக் களவெட்டியிலேயே அவனுக்கு அளக்க வேண்டும். பிறகு சங்கத்துக்குக் கொண்டுபோக நெல் ஏது? வேறு சிலர் அயலான் பெயரில் நெல்லை விற்றுச் சங்கக் கடனைத் தவிர்த்தனர் என்பதும் மெய். 1957இல் இலங்கையில் நடந்த கிராமியக் கடன் ஆய்வு, கிராமத்தார் பட்ட கடனில் அரசும் கூட்டுறவும் வங்கியும் சேர்ந்து கொடுத்தது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று காட்டியது. இந்தியாவிலும் இதே கதைதான். 1951-52ஆம் ஆண்டுக்குரிய அகில இந்திய கிராமியக் கடன் ஆய்வில் அரசின் பங்கு 3.3 சதவீதம், கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம். எஞ்சியதில் பெரும்பகுதி வட்டிக்காரர், வணிகர், நிலக்காரர், உறவினர் ஆகியோர் கையில் இருந்தது.

இவ்விடத்தில் பிலிப் குணவர்தனா என்ற மனிதரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வது பொருந்தும். இடதுசாரி இயக்கத்தின் முன்னோடியான அவர் 1956இல் பண்டாரநாயக்கா அரசில் விவசாய, உணவு அமைச்சரானார். கடன் மட்டும் கொடுத்தால் அது நிலக்காரன் சட்டைப்பைக்கே போய்ச்சேரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலால் மூன்று முனைகளில் முயன்றார். 1957இல் சிதறிக் கிடந்த சங்கங்களைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக மாற்றத் தொடங்கினார். கடனும் உரமும் கடைச்சாமானும் ஒரே இடத்தில் கிடைத்தால் கடைக்காரனின் பிடி தளரும் என்பது நோக்கம். 1958இல் நெற்காணிச் சட்டம் கொணர்ந்தார். வாரக்குடி நிலக்காரனுக்குப் பாதி விளைச்சல் அளந்த வழக்கத்துக்கு மாறாகக் குத்தகைக்கு உச்சவரம்பு வைத்து, விளைவில் கால்பங்குக்கு மேல் வாங்கலாகாது என்றார், குடியெழுப்புதலைத் தடுத்தார், பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கமக்காரரே தேர்ந்தெடுக்கச் செய்தார். மூன்றாவது, கூட்டுறவு வங்கி ஒன்று. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்குவன. வங்கி இன்றேல் சட்டம் ஊமை. சட்டம் இன்றேல் வங்கியின் பணம் நிலக்காரனுக்கு.

அமைச்சரவையின் வலதுசாரிகள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். நெற்காணிச் சட்டத்தைக் குறைத்தே நிறைவேற விட்டார்கள். கூட்டுறவு வங்கி மசோதாவைத் தடுத்தே விட்டார்கள். 1959 மே மாதத்தில் பிலிப் பதவி துறந்தார். அவர் எண்ணிய வங்கி வேறு உருவில் 1961 யூலையில், இலங்கரத்தினா அமைச்சராயிருந்தபோது, மக்கள் வங்கி என்ற பெயரோடு திறக்கப்பட்டது. இடையில் நிகழ்ந்தது என்ன? சட்டத்தைக் கண்டு அஞ்சிய நிலக்காரர் பலர் குடிகளை முன்கூட்டியே வெளியேற்றினர். நாடெங்கும் பல்லாயிரம் முறைப்பாடுகள் எழுந்தன. வாரக்குடி என்று சொல்லாமல் 'கூலியாள்' என்று எழுதிக்கொள்ளும் தந்திரமும் பிறந்தது. ஏட்டில் கூலியாளாகிவிட்டவனுக்குச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க உரிமை ஏது?

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கிராம அபிவிருத்தி என்ற பெயரில் அரசு செலவிட்ட மிகப் பெரும்பணம் குடியேற்றத் திட்டங்களில்தான் போயிற்று. டி.டி.ரி. மருந்து மலேரியாவை அடக்கியபின், 1940களின் இறுதியிலிருந்து கந்தளாயிலும், பின்னர் அல்லையிலும், முதலிக்குளத்திலும் குடியேற்றங்கள் எழுந்தன. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வீடும் கொடுத்தனர். பின்னர் அளவு குறைந்தது. நிலமற்றவனுக்கு நிலம் கொடுப்பது எந்த முற்போக்காளனும் எதிர்க்கக் கூடியதன்று. ஆனால் எவர்க்கு முதலில் என்ற கேள்வியில் இனம் நுழைந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நிலமற்றோர் இருக்க, வெளி மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையினர் கொணரப்பட்டனர். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சிங்களர் மூன்றில் ஒரு பங்கினர். நூறாண்டுகளுக்குமுன் அவர்கள் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. 1957 யூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் பிரதேச சபைகளுக்குக் காணி, குடியேற்றம், விவசாயம், கூட்டுறவு ஆகியவற்றில் அதிகாரம் தர இசைந்தது. 1958 ஏப்ரலில் அது கிழித்தெறியப்பட்டது. அன்று அது நிறைவேறியிருப்பின் யாருக்கு நிலம், யாருக்குக் கடன் என்பதை இம்மாவட்டத்து மக்கள் தாமே ஓரளவேனும் தீர்மானித்திருப்பர்.

ஒன்றை மறவாது சொல்ல வேண்டும். கந்தளாயில் குடியேறிய சிங்களக் கமக்காரன் சீமானாகிவிடவில்லை. அவனுக்கும் அனுமதிப் பத்திரம்தான். அவனும் கள்ளக் குத்தகைக்கு வயல் கொடுத்தான். அவன் பொலியும் களத்திலேயே அளந்து போயிற்று. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர் எவன் பத்திரத்தையும் வாசித்துப் பார்க்கவில்லை.

மக்கள் வங்கி வந்தபின் கடன் பெருகியதா? பெருகிற்று. 1967இல் டட்லி சேனநாயக்கா அரசு உணவு உற்பத்திப் போர் என்று முழங்கிப் புதிய விவசாயக் கடன் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய வங்கி பின்னின்று பொறுப்பேற்க, மக்கள் வங்கி கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்க, அவை கமக்காரனுக்குக் கொடுத்தன. எச்-4 போன்ற புதுநெல்லினங்கள் உரம் கேட்டன. உரம் பணம் கேட்டது. முதற்போகங்களில் கடன் பாய்ந்தது, பின்போகங்களில் திருப்பிச் செலுத்தாதோர் தொகை உயர்ந்தது, செலுத்தாதவனுக்கு அடுத்த கடன் இல்லை என்று விதி வந்தது, கடன் வற்றியது. 1973இல் விரிவான கிராமியக் கடன் திட்டம். மீண்டும் அதே ஏற்றமும் இறக்கமும். 1977-78 மாரிபோகத்தில், ஆட்சி மாறிய புதிதில், கட்டுப்பாடுகளைத் தளர்த்தி முன்னெப்போதும் இல்லாத அளவு அள்ளி வழங்கினர். பெரும்பகுதி திரும்பவில்லை. 1986இல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் என்று 'புதிய' என்ற சொல்லை முன்னொட்டி மறுபடியும் தொடங்கினர். பெயர் வைப்பதில் நம் திட்டக்காரர் சளைப்பதில்லை.

இப்பட்டியலைப் பார்த்துக் கமக்காரன் நாணயமற்றவன் என்று முடிவு கட்டுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அறுவடையின்போது கடைக்காரன் களவெட்டியில் வந்து நிற்பான், வங்கி வராது. கடைக்காரனை ஏமாற்றினால் ஆடியில் அரிசி கிடையாது. வங்கியை ஏமாற்றினால் தேர்தலுக்குமுன் மன்னிப்புக் கிடைக்கக் கூடும். அறிவுள்ள எவனும் எதை முதலில் தீர்ப்பான்? மேலும், 1958இல் சோதனையாகத் தொடங்கி 1961இல் சட்டமான பயிர்க் காப்புறுதி ஏட்டில் இருந்தும் எல்லா வயலையும் எட்டவில்லை. வெள்ளம் கொண்டுபோன பயிருக்கு இழப்பீடு கிடையாதபோது கடனும் வெள்ளத்தோடு போவதில் வியப்பில்லை. ஆயினும் வசதியுள்ள நிலக்காரர் பலர் பெருந்தொகை பெற்று, வேண்டுமென்றே செலுத்தாதிருந்து, அடுத்து வந்த தள்ளுபடியில் சிரித்துக்கொண்டனர் என்பதையும் மறைத்தல் தகாது. தள்ளுபடி வாங்கியவனுக்கே பயன். வாங்கவே முடியாத வாரக்குடிக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

1977க்குப்பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1980இல் சீனன்குடாவில், துறைமுகத்தின் கரையிலேயே, பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. அமெரிக்கக் கோதுமை கப்பலிலிருந்து நேரே இறங்கி மாவாகித் தீவெங்கும் போயிற்று. அதற்குச் சில கட்டை தூரத்தில் தம்பலகாமத்துக் கமக்காரன் நெல்லுக்கு விலை தேடி நின்றான். 1971இல் அமைத்த நெற்சந்தைப்படுத்தும் சபையின் கை தளர்ந்து, 1990களில் அது ஏறக்குறையச் செயலற்றது. 2000களின் பிற்பகுதியில்தான் மீண்டும் உயிர் பெற்றது. கடன் கொடுத்த கை விலையைக் காக்கவில்லை என்றால் அக்கடன் அறுவடையில் சுமையாகவே மாறும்.

பின் வந்த போர்க்காலத்தை விரித்துரைக்க இங்கே இடமில்லை. ஊர்கள் இடம்பெயர்ந்தன, சங்கக் கட்டடங்கள் எரிந்தன, இடாப்புகள் அழிந்தன. 2000த்தின் தொடக்கத்தில் உலக வங்கியின் நிதியோடு வடக்குக் கிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம் சிறு குளங்களைத் திருத்தியது. கமக்காரர் அமைப்புகளும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அதில் வேலை பெற்றன. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் நீரிழந்தது. போர் மீண்டும் முழுவீச்சில் எரிந்தது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினர். சம்பூர்த் தமிழர் தம் நிலத்தை மீளக் காண 2015, 2016 ஆண்டுகள் வரை காத்திருந்தனர். அவர்கள் திரும்பியபோது வயலில் காடும், கையில் வெறுமையும் இருந்தன.

அந்த வெறுமையைக் கண்டு விரைந்து வந்தது அரசன்று, நுண்கடன் கம்பெனிகள். பெண்களைக் குழுவாக அமர்த்தி, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு என்றன. இரைபைசன் கண்ட அதே வழி! ஆனால் அவர் சங்கத்தில் வட்டியும் இலாபமும் ஊருக்கே திரும்பின. இங்கே கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரைவிட்டு வெளியே போயின. நம் மாணவி ஒருத்தி வியாழக்கிழமைகளில் பள்ளிக்கு வராததன் காரணம் நெடுநாள் நமக்கு விளங்கவில்லை. அன்று தவணை நாள். தாய் வீட்டில் இல்லை என்று சொல்வதற்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். 2018இல் அரசு, வரட்சியால் வாடிய பன்னிரு மாவட்டங்களில், திருகோணமலையும் உட்பட, பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்க முன்வந்தது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் விதித்தது. நூற்றுக்கு முப்பத்தைந்து! நொக்ஸ் வாங்கியது ஐம்பது. முந்நூற்றைம்பது ஆண்டுகளில் பதினைந்து குறைந்திருக்கிறது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இக்கடன்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது, அவர்கள் சொன்ன குறைகள் யாவும் நம் ஊர்ப் பெண்கள் தமிழில் சொல்வனவாகவே இருந்தன.

அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு ஓரிரவில் தடைசெய்தது; நவம்பரில் தடையை நீக்கியது. அதற்குள் மாரிபோகம் விதைத்தாயிற்று. பயிர் வெளிறியது, கடன் வெளிறவில்லை. 2022இல் சிறு நெற்கமக்காரர் வங்கியில் பெற்ற கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தனர். பின்னர் உரத்துக்கெனப் பணமே கையில் கொடுக்கும் முறை வந்தது. 2024இல் ஏக்கர் இரண்டரை கொண்ட ஒரு எக்டயருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 25,000 ஆக உயர்த்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. இவை நல்லவையே. ஆனால் உரப்பணம் கமநல சேவை நிலையத்து இடாப்பில் யார் பெயர் உள்ளதோ அவர் கணக்குக்கே போகும். நகரத்திலிருந்து வயலைக் குத்தகைக்கு விட்டவர் பெயர் அங்கிருந்தால், சேற்றில் நிற்பவன் பெயர் அங்கிராது. 1867இன் ஏட்டிலும் அவன் இல்லை.

அந்தத் தம்பலகாமத்து மாணவனிடம் சென்ற மாரிக்கு வீட்டில் எவ்வாறு விதைத்தீர்கள் என்று பின்னொருநாள் கேட்டோம். தந்தை செய்வது பிறர் வயல்; பத்திரம் இல்லை; ஆதலால் வங்கியில் பயிர்க்கடன் கேட்கவில்லை. தாயின் சங்கிலியை அடகு வைத்தார்களாம். ஐப்பசியில் போகும், பங்குனியில் வரும். சென்ற பங்குனியில் வந்ததா என்றோம். நெல் விலை விழுந்திருந்ததால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்ததாகச் சொன்னான். அடகுச் சீட்டு வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறதாம்.